வைத்தியர் இல்லாத செடி

எங்கள் பக்கத்தில் பேச்சில் யாரும் பூச்சிக்கொல்லி என்று சொல்வதில்லை. மருந்து என்றுதான். "கத்தரிக்கு மருந்தடிக்கணும்", "நெல்லுக்கு ரெண்டு மருந்து ஆயிடுச்சு" என்பார்கள். அதே ஆள் இன்னொரு நாள் "அவன் மருந்தைக் குடிச்சிட்டான்" என்றால் அது சாவுச் செய்தி. புட்டி ஒன்றுதான். அரசாங்கத் துண்டறிக்கைகள் மட்டும் இந்தத் தகராறு என்றைக்கோ தீர்ந்துவிட்டது போல பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, பூசணக்கொல்லி என்று எழுதுகின்றன. எது பூச்சி, எது களை என்பது முன்கூட்டியே முடிவாகிவிட்டது என்கிற தோரணை அந்தச் சொற்களில் இருக்கிறது.

அப்படி முடிவாகாத ஒரு செடியைப் பற்றி எழுத நினைக்கிறேன். கஞ்சாச் செடி. அதைப் புகைப்பது நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் போகப்போவதில்லை. அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். என் அக்கறை வேறு. வட அமெரிக்காவில் இதை வீட்டுக்குள்ளும் கொல்லையிலும் வளர்த்தவர்கள், இலையில் புள்ளி விழுந்தபோது, பூ அழுகியபோது, வேர் கருத்தபோது என்ன செய்தார்கள்? யாரிடம் போய்க் கேட்டார்கள்? அங்கே தக்காளிக்கு நோய் வந்தால் வேளாண் விரிவாக்க அலுவலகத்துக்கு ஒரு இலையை உறையில் போட்டு அனுப்பலாம். என்ன நோய், என்ன செய்ய வேண்டும் என்று பதில் வரும். இந்தச் செடியின் இலையை அனுப்பினால் போலீஸ் வரும். இந்தச் சின்ன வித்தியாசத்துக்குள் அறுபது எழுபது வருஷத்து வரலாறு ஒன்று கிடக்கிறது. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குச் செடிப்பேனோடு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். நோய்க்கும் களைக்கும் பெயர் வைப்பது மொழியின் காரியமும்தான் என்பதைத் தவிர என்னிடம் வேறு பதிலில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தச் செடி எல்லாக் காலத்திலும் வைத்தியர் இல்லாமல் இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், இன்றைய வங்கதேசத்திலுள்ள நௌகாவ் வட்டாரத்தில் அரசு உரிமம் வாங்கிக் கஞ்சா பயிரிட்டார்கள். வயலில் ஆண்செடி ஒன்றுகூட நிற்கக்கூடாது. நின்றால் மகரந்தம் பறந்து பெண்செடிகள் விதை பிடித்துவிடும், சரக்கு கெட்டுப்போகும். பூ விரிவதற்கு முன்பே ஆண்செடியை அடையாளம் கண்டு பிடுங்கி எறிவதற்கென்று கைதேர்ந்த ஒருவரைக் கூலிக்கு அமர்த்துவார்கள். அவருக்குப் போத்தார் என்று பெயர். பரக்தார் என்றும் சொல்வதுண்டு. 1893-94இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த இந்திய ஹெம்ப் ஆணையம் 1,193 சாட்சிகளை விசாரித்து எழுதிய பெரிய அறிக்கையில் இந்த ஆளைக் கஞ்சா டாக்டர் என்றே குறிப்பிடுகிறது. கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தின் டேவிட் ப்ரெய்ன் 1893இல் இந்தச் சாகுபடிக்கென்றே தனி அறிக்கை எழுதினார். 1917இல் நௌகாவ் விவசாயிகளுக்குக் கூட்டுறவுச் சங்கமும் வந்துவிட்டது. ஏகாதிபத்தியம் செடியின்மேல் பிரியம் கொண்டு இதையெல்லாம் செய்யவில்லை. வரி வந்தது, அவ்வளவுதான். ஆனால் வரி வாங்குகிறவன் செடியைப் பார்க்கவாவது செய்தான். எவ்வளவு விளைந்தது, எது கெட்டது, ஏன் கெட்டது என்று எழுதிவைத்தான்.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் அப்படித்தான். நாருக்காகப் பயிரிட்ட ஹெம்ப்பும் போதைக்கான கஞ்சாவும் தாவர இனத்தால் ஒன்றுதான். (நம்மூரில் ஹெம்ப்பைச் சணல் என்று மொழிபெயர்த்துக் குழப்புகிறார்கள். நம் சணலும் சணப்பும் வேறு செடிகள்.) கென்டக்கி மாநிலத்தில் ஹெம்ப் வயல்களைப் பாழாக்கிய பெரிய எதிரி, வேரில் ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கிற ஒரு பூக்கும் ஒட்டுண்ணி. நம்மூர்ப் புகையிலைக்காரர்கள் புகையிலைக் காளான் என்கிறார்களே, அதற்கு உறவுக்காரச் செடி. அரசின் வேளாண்மைத் துறையில் லிஸ்டர் டூவி என்ற தாவரவியலாளர் இருந்தார். 1913ஆம் ஆண்டுக்கான துறையின் ஆண்டு நூலில் இந்தப் பயிரைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதியவர், 1930கள் தொடங்கியபிறகும் நல்ல ரகங்களைத் தேர்ந்து வளர்த்துக்கொண்டிருந்தவர். ஆக 1930கள்வரை இந்தச் செடிக்கு நோய் வந்தால் அது அரசாங்கத்தின் கவலை.

1937இல் மரிஹுவானா வரிச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு செடியே நோய் ஆகிவிட்டது. நடுவில் போர் வந்து, கப்பலுக்குக் கயிறு தேவைப்பட்டபோது மட்டும் அரசுக்குப் பழைய ஞாபகம் திரும்பியது. 1942இல் விவசாயிகளைப் பயிரிடச் சொல்லி வேளாண்மைத் துறையே ஒரு சினிமாப் படம் எடுத்தது. போர் முடிந்தது, படம் பெட்டிக்குள் போனது. பயிரிட்ட இடங்களில் விதை சிந்தித் தானாக முளைத்துக் கிடந்ததற்குப் பிற்பாடு ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் சொன்னால் வாய்க்கால் களை. அதில் போதை அநேகமாகக் கிடையாது. ஆனாலும் பல ஆண்டுகள் போதைத் தடுப்புத் துறை ஒழித்ததாகக் கணக்குக் காட்டிய செடிகளில் பெரும்பகுதி இந்த வாய்க்கால் களைதான். 1942இல் தேசபக்தியோடு விதைத்ததைத்தான் நாற்பது வருஷம் கழித்துப் பிடுங்கிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். பயிர் களையானதற்கு நடுவில் செடிக்குள் எந்த மாற்றமும் நடக்கவில்லை.

களை என்று ஆகிவிட்டால் களைக்கொல்லி வர வேண்டுமே. 1975இலிருந்து அமெரிக்க உதவியோடு மெக்சிகோ அரசு கஞ்சா வயல்களின்மேல் ஹெலிகாப்டரிலிருந்து பாராகுவாட் தெளித்தது. பாராகுவாட் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் 1962இல் சந்தைக்குக் கொண்டுவந்த களைக்கொல்லி. வெயில் பட்டால்தான் வேலை செய்யும். இலை காய்ந்து கருக ஓரிரண்டு நாள் பிடிக்கும். குடித்தவரைக் காப்பாற்ற மாற்று மருந்து கிடையாது என்பது நம் கிராமங்களுக்குத் தெரிந்த செய்தி. மெக்சிகோ விவசாயி என்ன செய்தான்? ஹெலிகாப்டர் போன கையோடு, வெயில் ஏறி இலை கருகுவதற்குள் அறுத்துக் கட்டி விற்றுவிட்டான். கடன் வாங்கிப் பயிர் வைத்தவன் வேறென்ன செய்வான். அந்தச் சரக்கு எல்லை தாண்டி வந்தது. அமெரிக்காவின் தென்மேற்கில் பிடிபட்ட கஞ்சாவைச் சோதித்தபோது ஐந்தில் ஒரு மாதிரியில் பாராகுவாட் இருந்தது. 1978 மார்ச்சில் சுகாதாரத் துறைச் செயலர் ஜோசப் கலிஃபானோ, இதைப் புகைத்தால் நுரையீரல் கெடலாம் என்று பகிரங்கமாக எச்சரித்தார். அதே ஆண்டு, இப்படிப்பட்ட தெளிப்புக்கு அமெரிக்கப் பணம் போவதைக் கட்டுப்படுத்தி பெர்சி திருத்தம் வந்தது. புகைத்ததால் பாராகுவாட் விஷமேறிய ஒரு நோயாளிகூடப் பின்னர் மருத்துவ ஆய்வாளர்களுக்குத் தென்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எரியும்போது அது பெரும்பாலும் சிதைந்துவிடுகிறது. ஆனால் ஹெலிகாப்டருக்குக் கீழே நின்றவர்களைப் பற்றி, சரக்கைச் சோதித்த அளவுக்கு யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை. 1983இல் ரீகன் அரசு இதே பாராகுவாட்டைச் சொந்த நாட்டில் ஜார்ஜியா மாநிலத்துச் சட்டாஹூச்சி வனத்தில் தெளித்தபோதுதான் அக்கம்பக்கத்தார் கொதித்து எழுந்தார்கள். மெக்சிகோக்காரன் தலையில் விழுந்தவரைக்கும் அது வெறும் கொள்கைப் பிரச்சினை.

அந்த 1983இல்தான் கலிஃபோர்னியாவில் காம்ப் என்ற ஒழிப்புப் படையும் தொடங்கியது. ஹம்போல்ட், மென்டசீனோ, டிரினிட்டி மாவட்டங்களின் மலைக்காடுகளில் கஞ்சா வளர்த்தவர்களில் பலர் எழுபதுகளில் நகரத்தை வெறுத்துப் போனவர்கள். வங்காளத்துப் போத்தார் செய்ததையே இவர்களும் செய்தார்கள்: ஆண்செடியைப் பிடுங்கி, விதையில்லாத பூவை எடுத்தார்கள். ஸ்பானிய மொழியில் விதையற்றது என்று பொருள்படும் சின்செமியா என்ற சொல் இப்படித்தான் புழக்கத்துக்கு வந்தது. தலைக்குமேல் ஹெலிகாப்டர் சுற்றத் தொடங்கியதும் செடி வீட்டுக்குள் போனது. நிலவறை, பரண், துணி அலமாரி. ஜன்னலை அடைத்துவிட்டு, தெரு விளக்குக்குப் போடுகிற சோடியம் விளக்கை ஆயிரம் வாட்டில் எரித்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வெளியில் இருந்தவரை மழை இலையைக் கழுவியது, காற்று ஈரத்தைத் துடைத்தது, பொறிவண்டும் சிலந்தியும் பேனைத் தின்றன. அறைக்குள் இவை எதுவும் கிடையாது. சூடு, உலர்ந்த காற்று, வருஷம் முழுக்க ஒரே பயிர், ஒரே தாய்ச்செடியிலிருந்து வெட்டிய ஒரே மாதிரியான போத்துகள். வெள்ளரிக்கும் ரோஜாவுக்கும் கண்ணாடிக் கூடங்களில் எமனாக இருக்கிற செஞ்சிலந்திப் பேனுக்கு இதைவிடச் சொர்க்கம் வேறில்லை. அது பூச்சியே இல்லை, எட்டுக் கால் உயிரி, சிலந்தியின் சாதி. இலையின் அடிப்பக்கத்தில் உட்கார்ந்து உறிஞ்சும். மேல்பக்கத்தில் ஊசி குத்தினாற்போல வெளிறிய புள்ளிகள் தெரியும்போதே அடிப்பக்கத்தில் குடும்பமே இருக்கும். நூலாம்படை தெரிகிறது என்றால் காரியம் மிஞ்சிவிட்டது. முட்டையிலிருந்து முட்டையிடும் பருவத்துக்கு நல்ல சூட்டில் ஒரு வாரம், பத்து நாள் போதும். இணை சேராத பெண்ணும் முட்டையிடும், அதிலிருந்து ஆண் பிறக்கும், பிறகு அந்த ஆணோடு சேர்ந்து பெண்ணும் பிறக்கும். அதாவது சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு ஒரே ஒரு பெண் பேன் அறைக்குள் வந்தால் போதும். இலைக்கடியில் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்துத் தட்டி, விழுந்த புள்ளி நகர்கிறதா என்று பார்ப்பதுதான் சுலபமான சோதனை. நம்மூர் மிளகாய்க்காரருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாஸ்டனில் நிலவறைக்குள் உட்கார்ந்திருக்கிற முன்னாள் மாணவனுக்கு யார் சொல்வது?

இதனால் பேனைவிடப் பெரிய கேடு, பேன் என்று தப்பாக நினைப்பது. அடியிலை மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். நரம்பு பச்சையாகவும் நடுப்பகுதி வெளிறியும் இருந்தால் மக்னீசியம் போதவில்லை. தண்ணீர் அதிகமாகி வேர் மூச்சு முட்டினாலும் செடி தண்ணீர் கேட்பது போலத்தான் துவளும். இவை ஒன்றுக்கொன்று எதிரான வைத்தியம் கேட்பவை. அனுபவஸ்தர் ஒருவர் பக்கத்தில் நின்றால் அரை நிமிஷத்தில் தீர்கிற சந்தேகம். இங்கே பக்கத்து வீட்டுக்காரரே தகவல் கொடுப்பவராக இருக்கலாம். ஆகவே உரத்தைக் கூட்டு, அது சரிவரவில்லையா, மருந்தை அடி. அலங்காரச் செடிகளுக்கென்று விற்கிற, தின்னவோ புகைக்கவோ ஆகாத அபாமெக்டின் போன்ற மருந்துகள் பூவின்மேல் போயின. தெளித்தவனுக்கே அதன் அர்த்தம் தெரியாது. மருந்துப் புட்டியின் ஒட்டுச்சீட்டில் இந்தச் செடியின் பெயர் இருக்க முடியாது என்பதால், எவ்வளவு, எத்தனை நாள் இடைவெளி என்ற விவரமும் இருக்க முடியாது.

அறிவு சும்மா இருக்குமா? அது வேறு வழியில் கசிந்தது. 1974இல் தொடங்கிய 'ஹை டைம்ஸ்' இதழில் எட் ரோசன்தால் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதினார். ஓரிகனிலிருந்து டாம் அலெக்சாண்டர் 'சின்செமியா டிப்ஸ்' என்றொரு பத்திரிகை நடத்தினார். ஹோர்ஹே செர்வான்டெஸ் என்ற புனைபெயரில் ஒருவர் 1983இல் அறைக்குள் வளர்ப்பது பற்றிய கையேட்டைக் கொண்டுவந்தார். நம் சிறுபத்திரிகைகளை நடத்தியவர்களுக்கு இந்த உலகம் அந்நியமாக இருக்காது: சந்தா, தபால், கடன், தாமதமாகும் இதழ், முகம் தெரியாத வாசகன் எழுதும் நீண்ட கடிதம். சோப்புத் தண்ணீர் எத்தனை பங்கு, கந்தகப் புகை எப்போது ஆபத்து, தபாலில் வாங்கிய பொறிவண்டை இரவில் விட வேண்டுமா பகலில் விட வேண்டுமா என்றெல்லாம் விவாதம். பலதும் சரி, சிலது பிதற்றல். சோதித்துப் பார்த்துத் திருத்த ஒரு பல்கலைக்கழகம் இல்லை. அரசுக்கென்று 1968இலிருந்து மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சட்டபூர்வமான ஒரே தோட்டம் இருந்தது. 2021வரை அந்த ஏகபோகம் நீடித்தது. அந்தத் தோட்டத்தின் கதவு வளர்ப்பவர்களுக்குத் திறந்ததில்லை.

1989 அக்டோபரில் இந்தக் கசிவையும் அடைத்தார்கள். பச்சை வியாபாரி என்ற பெயரில் நடந்த நடவடிக்கையில், நாடு முழுக்க விளக்கும் உரமும் விற்ற கடைகளைச் சோதனையிட்டு வாடிக்கையாளர் பட்டியல்களைத் தேடினார்கள். மேலே சொன்ன இதழ்களில் விளம்பரம் கொடுத்த கடைகள்தான் குறி. விளம்பரம் போனது, 'சின்செமியா டிப்ஸ்' 1990இல் நின்றது. ஒரு தோட்டக்கலைப் பத்திரிகை இப்படிச் செத்தது. இலையின் அடிப்பக்கம் எவருக்கும் தெரியாமல் இருக்க, அரசு வீட்டின் வெளிச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விளக்குச் சூட்டை வெளியிலிருந்தே காட்டும் வெப்பக் கருவியை ஓரிகனில் ஒரு வீட்டின்மேல் திருப்பிய வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. வாரன்ட் இல்லாமல் அப்படிச் செய்யக்கூடாது என்று 2001இல் தீர்ப்பு வந்தது. அதுவும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில். ஃபூக்கோ தன் புத்தகத்தில் கண்காணிப்பைப் பற்றிய அத்தியாயத்தை, கொள்ளைநோய் கண்ட ஊரை வீடுவீடாகப் பூட்டிக் கணக்கெடுப்பதிலிருந்து தொடங்குகிறார். அங்கே கணக்கெடுப்பவன் உள்ளே இருப்பவனுக்கு நோய் உண்டா என்றாவது பார்த்தான். இங்கே அதிகாரம் செடியை எண்ண மட்டும் செய்தது. நூறு செடி இருந்தால் ஐந்து வருஷம், ஆயிரம் இருந்தால் பத்து வருஷம், குறையாமல். வெட்டி நட்ட போத்தில் வேர் கண்ணுக்குத் தெரிந்தால் அது ஒரு செடி என்று நீதிமன்றங்கள் வரையறுத்தன. அது அழுகிக்கொண்டிருக்கிறதா, வாடிச் சாகப்போகிறதா என்பது கணக்கில் வராது.

ஏறத்தாழ இதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நெதர்லாந்தில் யான் கோப்பெர்ட் என்ற வெள்ளரி விவசாயி, மருந்து தன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போகவே, 1967இல் செஞ்சிலந்திப் பேனைத் தின்கிற இன்னொரு பேனை வளர்த்து விற்கத் தொடங்கினார். அந்த வேட்டைப்பேன் 1958வாக்கில் சிலி நாட்டு ஆர்கிட் செடிகளோடு ஜெர்மனிக்குத் தற்செயலாக வந்து சேர்ந்தது. வெள்ளரிக்காரனுக்கு ஆராய்ச்சி நிலையம் இருந்தது, சங்கம் இருந்தது, தோற்றால் திரும்ப முயல அவகாசம் இருந்தது. பேன் ஒன்றுதான், இலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மருந்தில்லாமல் தப்பிக்கிற வழியும் இருந்தது. சட்டத்துக்கு உட்பட்ட பயிருக்கு இருந்தது.

உயிரியல் கட்டுப்பாடு என்று இதற்குப் பெயர். இதே பெயரில் எதிர்த்திசையில் இன்னொரு வேலை நடந்தது. 1962இல் நோவியெல்லோ, ஸ்னைடர் என்ற இருவர் இத்தாலியில் ஹெம்ப் செடியைத் தாக்கிய ஃபுசேரியம் வாடல் நோய்ப் பூஞ்சையை விவரித்திருந்தார்கள். செடியைக் காப்பாற்றத் தேடிய அறிவு. 1999இல் ஃபுளோரிடாவின் போதைத் தடுப்பு அதிகாரி ஜிம் மக்டோனா, ஃபுசேரியத்தைக் கஞ்சாவின்மேல் ஏவிவிடும் யோசனையை முன்வைத்தார். மாநிலத்தின் சுற்றுச்சூழல் துறைச் செயலர் டேவிட் ஸ்ட்ரூஸ், இந்தப் பூஞ்சை உருமாறக்கூடியது, தக்காளி, மிளகாய், சோளம் எதையும் விடாது என்று கடிதம் எழுதித் தடுத்தார். ஃபுளோரிடா மண்ணுக்கு ஆகாது என்று கைவிட்டதன் இன்னொரு வகையை அடுத்த ஆண்டே கொலம்பியாவின் கோக்கோ செடிகளுக்குச் சிபாரிசு செய்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் உதவிப் பணத்தோடு அதைக் கோத்தது. எதிர்ப்பு கிளம்ப, கொலம்பியா மறுத்துவிட்டது. சோவியத் காலத்து ஆய்வகம் ஒன்றில், தாஷ்கண்டில், ஐ.நா. பணத்தில் அபின் செடிக்கு நோய் வளர்த்தார்கள். எந்த விஞ்ஞானம் பயிரைக் காப்பாற்றவென்று நோயை அடையாளம் கண்டதோ அதே விஞ்ஞானம், அதே நுண்ணோக்கி, அதே லத்தீன் பெயர்.

இவ்வளவுக்கும் நடுவில் ஜான் மக்பார்ட்லண்ட் என்ற மருத்துவர்-பூஞ்சையியலாளர் பழைய இத்தாலிய, ரஷ்ய, இந்திய வேளாண் ஏடுகளைத் தோண்டி இந்தச் செடியின் நோய்களைத் தொகுத்துக்கொண்டிருந்தார். ராபர்ட் கிளார்க், டேவிட் வாட்சன் இருவரோடும் சேர்ந்து அவர் எழுதிய 'ஹெம்ப் டிசீசஸ் அண்ட் பெஸ்ட்ஸ்' 2000இல் வந்தது. தாக்கும் பூச்சிகள் முந்நூறை நெருங்கும், பூஞ்சைகள் எண்பதுக்கு மேல். ஆனால் உண்மையில் பயிரைச் சேதப்படுத்துபவை கொஞ்சம்தான் என்று அந்தக் கணக்கு சொல்கிறது. இது இரண்டு தரப்புக்கும் பிடிக்காத செய்தி. எதிர்ப்பவர்களுக்கு இந்தச் செடி கவனிக்கத் தகுந்ததே அல்ல. ஆதரிப்பவர்களோ தொண்ணூறுகளில் ஹெம்ப்புக்கு எதிரியே கிடையாது, மருந்தே தேவையில்லை, உலகத்தைக் காப்பாற்ற வந்த செடி என்று பஜனை பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு செடிக்கு நோய் வரும் என்று ஒப்புக்கொள்ள இரண்டு பக்தர் கூட்டமும் தயாராக இல்லை.

இந்த அறியாமைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதுதான் என்னை உறுத்துவது. வீட்டுக்குள் மறைக்க வேண்டும் என்பதால் செடி குட்டையாக, பூ கொத்தாக, அடர்த்தியாக இருக்கும் ரகங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அடர்ந்த பூவுக்குள் ஈரம் நிற்கும். பூவின் நடுவில் ஒரே ஒரு சின்ன இலை மஞ்சளித்து, தொட்டால் கையோடு வந்துவிட்டதென்றால் உள்ளே சாம்பல் பூசணம் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்; பிளந்தால் பழுப்பாக, தூசு பறக்கும். சரியாகக் காயவைக்காத சரக்கில் அஸ்பெர்ஜில்லஸ் என்ற வேறொரு பூஞ்சை ஏறும். நல்ல உடம்புக்கு அது பெரிய விஷயமில்லை. எலும்பு மஜ்ஜை மாற்றிய ஒரு நோயாளி, பூஞ்சை பிடித்த கஞ்சாவைப் புகைத்து, அது நுரையீரலில் வளர்ந்து இறந்ததை 1988இல் ஒரு மருத்துவ ஏடு பதிவு செய்தது. சான்ஃபிரான்சிஸ்கோவில் எய்ட்ஸ் நோயாளிகள் வாந்தி நிற்கவும் பசி எடுக்கவும் இதைத் தேடிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்புக்குப் பூசணம் பிடித்த பூ. அடுப்பில் வாட்டினால் வித்துகள் செத்துவிடும் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதை நோயாளியிடம் போய்ச் சொல்ல எந்த அரசு ஆஸ்பத்திரியும் கடமைப்பட்டிருக்கவில்லை. 1996இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் மருத்துவத்துக்கு அனுமதி கொடுத்தபோது இவர்களில் பலர் உயிரோடு இல்லை.

இதே பூசணம் பிற்பாடு அரசின் வாதமாக மாறி வந்ததுதான் வேடிக்கை. கனடாவில் நோயாளிகள் வீட்டில் வளர்த்துக்கொள்ள இருந்த உரிமையை 2013இல் வந்த விதிகள் எடுத்துவிட்டு, உரிமம் பெற்ற பெரிய நிறுவனங்களிடம்தான் வாங்க வேண்டும் என்றன. வீட்டில் வளர்த்தால் பூசணம் பிடிக்கும், தீப்பிடிக்கும் என்பது காரணம். நோயாளிகள் வழக்குப் போட்டார்கள். 2016 பிப்ரவரியில் ஃபெடரல் நீதிமன்ற நீதிபதி ஃபீலன், இந்த ஆபத்துகள் நிரூபிக்கப்படவில்லை, ஒழுங்காக வளர்த்தால் தவிர்க்கக்கூடியவை என்று சொல்லி உரிமையைத் திருப்பிக் கொடுத்தார். அந்த வருஷக் கடைசியிலேயே உரிமம் பெற்ற நிறுவனங்களின் சரக்கில் மைக்ளோபியூட்டனில் இருப்பது தெரியவந்தது. திராட்சைக்கும் ஆப்பிளுக்கும் சாம்பல் நோய்க்கு அடிக்கிற பூசணக்கொல்லி அது. திராட்சையை நாம் புகைப்பதில்லை. எரித்தால் சிதைந்து ஹைட்ரஜன் சயனைடு வரும். அளவு எவ்வளவு, ஆபத்து எவ்வளவு என்பதில் தர்க்கம் உண்டு, வரும் என்பதில் இல்லை. 2017இல் அரசு முன்னறிவிப்பில்லாத சோதனைகளைத் தொடங்கியது. வீட்டில் வளர்த்த கிழவியின் செடிக்குப் பூசணம் பிடிக்கும் என்று பயமுறுத்தியவர்களிடம், பூசணமே பிடிக்காத பூ எப்படிக் கிடைத்தது என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

அமெரிக்காவிலும் அதே கதை. கொலராடோவில் 2014இல் கடைகள் திறந்தன. 2015இல் டென்வர் நகர அதிகாரிகள் தகாத மருந்தடித்ததாகச் சந்தேகப்பட்டு சுமார் ஒரு லட்சம் செடிகளை நிறுத்திவைத்தார்கள். எந்த மருந்து தகும்? ஃபெடரல் சட்டத்தில் செடி குற்றம் என்பதால் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எதையும் பரிந்துரைக்காது. நார் ஹெம்ப்பை 2018இல் சட்டபூர்வமாக்கிய பிறகு, 2019 டிசம்பரில்தான் பத்து மருந்துகளுக்கு அனுமதி கிடைத்தது. பத்தில் ஒன்பது உயிரியல் சரக்கு. கஞ்சா வளர்ப்போர் முப்பது வருஷமாகத் தங்களுக்குள் கடிதம் எழுதிக் கண்டுபிடித்து வைத்திருந்த திசைக்கே அரசும் சுற்றி வந்து சேர்ந்தது.

அந்தக் கடிதங்களில் அடிக்கடி வருகிற பெயர் வேப்பெண்ணெய். செஞ்சிலந்திக்கும் சாம்பல் நோய்க்கும் அவர்களுக்கு அதுதான் கைமருந்து. இந்த எண்ணெயைப் பூஞ்சைக்கு எதிராகப் பயன்படுத்தும் முறையைத்தான் அமெரிக்க வேளாண்மைத் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் சேர்ந்து தங்கள் கண்டுபிடிப்பென்று ஐரோப்பாவில் பதிந்துகொண்டன. 1994இல் கொடுத்த அந்தக் காப்புரிமையை 2000இல் ரத்து செய்தார்கள், 2005இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. நம் இயக்கத் தோழர்கள் நினைவில் வைத்திருக்கும் வழக்கு அது. அதே துறை, தன் நாட்டிலேயே வேப்பெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு பயந்து பயந்து இலையைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு ஒரு துண்டறிக்கைகூட எழுதவில்லை.

இப்போது கனடாவில் வீட்டுக்கு நான்கு செடி (2018), ஜெர்மனியில் ஆளுக்கு மூன்று செடி (2024) வளர்க்கலாம். பல்கலைக்கழகங்கள் நோய்ப் பட்டியல் வெளியிடுகின்றன. நம் நாட்டில் 1985 சட்டத்தின்படி ஒரு செடியும் குற்றம். பிடுங்கிக் குவித்த செடிகளோடு அதிகாரிகள் நிற்கும் புகைப்படம் வருஷத்துக்கு நான்கு முறையாவது பேப்பரில் வருகிறது.

கடைசியாக வந்த நோயைப் பற்றிச் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவில் சில செடிகள் காரணமில்லாமல் குறுகின. தண்டு முறுகி, தொட்டால் ஒடிந்தது. பூ சிறுத்து, பிசின் பாதியாகியது. பேன் இல்லை, பூசணம் இல்லை, சத்துக் குறைவும் இல்லை. ஒரே தாய்ச்செடியிலிருந்து வெட்டிய போத்துகள் அத்தனையும் அப்படி. வளர்ப்பவர்கள் அதை டட் என்றார்கள். நம் பேச்சில் சொன்னால் நமத்த பட்டாசு. கத்தரிக்கோலைப் பிளீச்சில் முக்காமல் அடுத்த செடியைத் தொடாதே, தாய்ச்செடியை மாற்று என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். 2019இல் ஆய்வகங்கள் காரணத்தைக் கண்டுபிடித்தன: கஞ்சாவின் குடும்பத்தைச் சேர்ந்த ஹாப்ஸ் கொடியில் 1980களிலேயே அறியப்பட்டிருந்த ஒரு வைராய்டு. 256 எழுத்துள்ள ஒரு ஆர்.என்.ஏ. வளையம், அவ்வளவுதான் அதன் உடம்பு. வெட்டுகிற கத்தியில் ஒட்டிக்கொண்டு செடிக்குச் செடி போகிறது. ஆய்வுக் கட்டுரைகள் ஹாப் லேட்டன்ட் வைராய்டு என்று எழுதுகின்றன. தோட்டத்தில் இன்னும் நமத்த பட்டாசுதான்.